கல்பாக்கத்தில் ஏதாவது ஆனால்: கிளம்புவதா, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருப்பதா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருக்கழுக்குன்றத்திலிருந்து அக்காவும் மாமாவும் சோழிங்கநல்லூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது பேச்சு கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் பக்கம் திரும்பியது. மாமா சாதாரணமாகச் சொன்னார்: "அங்க ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, வண்டிய எடுத்துக்கிட்டு நேரா இங்க வந்துடுவோம்." என் கணவர், "நாங்க எங்க இருக்கப்போறோம்? உடனே திருச்சிக்குக் கிளம்பிடுவோம்ல" என்றார். கட்டிலில் படுத்திருந்த அம்மா மெதுவாகக் கேட்டார்: "என்னையும் இந்த மிஷினையும் தூக்கிக்கிட்டு எவ்ளோ தூரம் மாப்ள போவீங்க?"

மிஷின் என்றது அவருடைய ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரை. இரவில் அது இல்லாமல் அம்மாவால் தூங்க முடியாது. அந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை.

நான் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். கதிர்வீச்சு, அரைவாழ்வு எல்லாம் வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிற விஷயம்தான். ஆனால் என் வீட்டுக்கு என்ன முடிவு என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அன்றிலிருந்து மூன்று வாரம் உட்கார்ந்து, உலகத்தில் நடந்த விபத்துகளில் மக்கள் என்ன செய்தார்கள், எது காப்பாற்றியது, எது கெடுத்தது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எங்கள் இரண்டு வீடுகளுக்கும் எது சரி என்று ஒப்பிட்டுப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன். பழைய மகாபலிபுரம் சாலையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் குடியிருக்கிற நிறையப் பேருக்கு இது பொருந்தும்.

முதலில் தூரம். சாலை வழியாக அல்ல, காற்று போகிற வழியாக, அதாவது நேர்கோட்டில். கல்பாக்கத்தில் இருக்கிற சென்னை அணுமின் நிலையத்திலிருந்து மாமல்லபுரம் ஏறக்குறைய 7 கி.மீ. திருக்கழுக்குன்றம் 14. திருப்போரூர் 19, 20. செங்கல்பட்டும் கேளம்பாக்கமும் சுமார் 26. எங்கள் சோழிங்கநல்லூர் 38. தாம்பரம் 41. மெரினா 55. நம் நாட்டு விதிப்படி, அணுமின் நிலையத்தைச் சுற்றி 16 கி.மீ. வரைதான் அவசரகாலத் திட்டப் பகுதி. அக்கா வீடு அந்த வட்டத்துக்குள் இருக்கிறது. எங்கள் வீடு வெளியே இருக்கிறது. ஒரே குடும்பம்தான், ஆனால் ஒரே முடிவு இரண்டு வீட்டுக்கும் பொருந்தாது. இதைப் புரிந்துகொள்ளவே எனக்குச் சில நாள் பிடித்தது.

அடுத்தது, விபத்து என்றால் நம் வரைக்கும் வந்து சேருவது என்ன? அணுகுண்டு போல வெடித்து ஊரே எரிந்துபோகும் என்று பல பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உலையை நிறுத்திய பிறகும் எரிபொருள் சூடு கக்கிக்கொண்டே இருக்கும். அதை இடைவிடாமல் குளிர்விக்க வேண்டும். குளிர்விப்பு நின்றால் எரிபொருள் உருகும். உள்ளே அடைபட்டிருந்த செனான் போன்ற வாயுக்கள், அயோடின்-131, சீசியம்-137 ஆகியவை கவசத்தைத் தாண்டி வெளியே வந்தால், புகை மாதிரி காற்றோடு போகும். வாயுக்கள் கடந்து போய்விடும். அயோடின் எட்டு நாளில் பாதியாகும், இரண்டு மூன்று மாதத்தில் ஏறக்குறைய இல்லாமலே போகும். சீசியத்துக்கு அரைவாழ்வு, அதாவது பாதியாகிற காலம், 30 ஆண்டு. அது மண்ணில் படிந்தால், ஊரைக் காலிசெய்துவிட்டுத் திரும்புவது தலைமுறைக் கணக்காகிவிடும்.

கல்பாக்கத்தில் இருப்பவை தலா 220 மெகாவாட் கனநீர் உலைகள் இரண்டு. ஒன்று 1984-ல், மற்றது 1986-ல் வணிக ரீதியில் மின்சாரம் கொடுக்கத் தொடங்கியவை. செர்னோபிலில் வெடித்தது 1,000 மெகாவாட் உலை, அதற்கு முழுமையான கவசக் கட்டிடமும் கிடையாது. ஜப்பானில் ஃபுகுஷிமாவில் உருகியவையும் கல்பாக்கத்து உலைகளைவிடப் பெரியவை. அதே வளாகத்தில் 500 மெகாவாட் வேக ஈனுலையும் (ஓடும்போதே புது எரிபொருளையும் உண்டாக்குகிற வகை) இருக்கிறது. அதைக் குளிர்விப்பது தண்ணீர் அல்ல, திரவ சோடியம். அது காற்றில் பட்டால் எரியும், தண்ணீரில் பட்டால் பொங்கி வினைபுரியும். இதைச் சொல்வது பயமுறுத்துவதற்கு இல்லை. பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் முடிவெடுக்க முடியாது.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி கல்பாக்கத்தையும் தாக்கியது. கடல்நீர் பம்ப் அறைக்குள் புகுந்தது. அப்போது ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது உலையை நிறுத்தினார்கள். மின்சாரம் துண்டிக்கப்படவில்லை, குளிர்விப்பும் நிற்கவில்லை, கதிரியக்கம் வெளியே வரவில்லை. ஆனால் ஊழியர் குடியிருப்பிலும் சுற்றியிருந்த மீனவர் ஊர்களிலும் உயிர்கள் போயின. ஆறு வருடம் கழித்து, 2011 மார்ச் 11 அன்று ஃபுகுஷிமாவில் இதே போலக் கடல் உள்ளே வந்தபோது, அங்கே டீசல் ஜெனரேட்டர்கள் மூழ்கின. மின்சாரம் போனது. மூன்று உலைகள் உருகின.

சரி, இனி முடிவுக்கு வருவோம்.

உடனே கிளம்புவது

மனசு முதலில் சொல்வது இதைத்தான். ஆபத்திலிருந்து விலகி ஓடு. மறுப்பதற்கில்லை, சில நேரம் இதுதான் சரி. செர்னோபிலில் 1986 ஏப்ரல் 26 நள்ளிரவு தாண்டி உலை வெடித்தது. மூன்றே கி.மீ. தூரத்தில் இருந்த பிரிப்யாட் நகரத்தில் அன்று சனிக்கிழமை. குழந்தைகள் பள்ளிக்குப் போனார்கள், வெளியில் விளையாடினார்கள். ஏறக்குறைய 36 மணி நேரம் கழித்துத்தான் ஆயிரத்துக்கு மேற்பட்ட பேருந்துகள் வந்து 49,000 பேரை ஏற்றிக்கொண்டு போயின. தற்காலிகமாகத்தான் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். இன்றுவரை யாரும் அங்கே குடித்தனம் செய்யத் திரும்பவில்லை. அவ்வளவு பக்கத்தில் இருப்பவர்களுக்குக் காத்திருப்பதில் எந்த நன்மையும் இல்லை.

ஆனால் கிளம்புவதற்கும் ஒரு விலை உண்டு. ஃபுகுஷிமா அதை உலகத்துக்கே காட்டியது. அங்கே கதிர்வீச்சால் இறந்ததாக ஜப்பான் அரசு ஏற்றுக்கொண்டது ஒரு தொழிலாளியின் நுரையீரல் புற்றுநோய் மரணத்தை. வெளியேறியதாலும், முகாம் முகாமாக அலைந்ததாலும், மருத்துவம் தடைபட்டதாலும் அந்த மாகாணத்தில் இறந்தவர்களாகக் கணக்கில் ஏறியவர்கள் 2,300 பேருக்கு மேல். பெரும்பாலும் வயதானவர்கள். உலையிலிருந்து 4.5 கி.மீ. தூரத்தில் இருந்த ஃபுதாபா மருத்துவமனையில் படுத்த படுக்கையாக இருந்த நோயாளிகளைப் பேருந்தில் உட்கார வைத்து மணிக்கணக்காகச் சுற்றிக் கொண்டுபோனார்கள். போகும் வழியிலும் போய்ச் சேர்ந்த பிறகும் 40 பேர் வரை இறந்தார்கள். மினாமிசோமா நகரத்து முதியோர் இல்லங்களைப் பின்னால் ஆராய்ந்தபோது, வெளியேற்றத்துக்குப் பிறகு இறப்பு விகிதம் முன்பிருந்ததைப் போல 2.7 மடங்காக இருந்தது. முன்கூட்டியே ஏற்பாடு செய்து, மருந்தும் ஆளும் கூடவே போன இல்லங்களில் அப்படிக் கூடவில்லை.

இதைப் படித்துவிட்டு அன்று இரவு அம்மாவின் மிஷின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வெகுநேரம் விழித்திருந்தேன். அவசர அவசரமாக அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு ஓடுவது, எங்கள் தூரத்தில் கதிர்வீச்சைவிடப் பெரிய ஆபத்தாக முடியலாம். இதை நான் மனதாரச் சொல்கிறேன்.

இன்னொன்று, எந்தப் பக்கம் ஓடுகிறோம் என்பது. ஃபுகுஷிமா உலைக்குப் பக்கத்து நமீயே ஊர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் கடலோரத்திலிருந்து வடமேற்கே மலைப்பக்கம் சுஷிமா என்ற இடத்துக்குப் போய்த் தங்கினார்கள். உலையிலிருந்து தள்ளிப் போய்விட்டோம் என்றுதான் நினைத்தார்கள். அந்தப் பக்கமாகத்தான் கதிரியக்கக் காற்று வரும் என்று அரசாங்கத்தின் கணினிக் கணிப்பு சொல்லியிருந்தது. அது அவர்களுக்குப் போய்ச் சேரவே இல்லை. மார்ச் 15 வரை அங்கேயே இருந்தார்கள். அன்று காற்று வடமேற்கே திரும்பியது, மழையும் பனியும் சேர்ந்து அதையெல்லாம் கீழே இறக்கியது. அதே திசையில் சுமார் 40 கி.மீ. தள்ளி இருந்த ஈடாதே கிராமத்தையும் கடைசியில் காலிசெய்ய வேண்டி வந்தது. அந்த முடிவு வந்ததோ ஏப்ரல் 22 அன்று, ஒரு மாதத்துக்கு மேல் கழித்து.

இதை வைத்துக்கொண்டு என் கணவரின் திருச்சித் திட்டத்தைப் பார்த்தேன். நெஞ்சு திக்கென்றது. இங்கிருந்து தாம்பரம், பெருங்களத்தூர், அப்புறம் ஜி.எஸ்.டி. சாலை என்கிற திருச்சி நெடுஞ்சாலையில் செங்கல்பட்டு. 38 கி.மீ. தூரத்தில் இருக்கிற நாங்கள், தப்பிப்பதற்காக 26 கி.மீ. தூரத்துக்கு நெருங்கிப் போகிறோம்! அதுவும் பொங்கலுக்கு முந்தின நாள் பெருங்களத்தூரில் நகராமல் நிற்கிற அதே கூட்டத்தில், ஜன்னல் இடுக்கு வழியாக வெளிக்காற்றை இழுத்துக்கொண்டு. சென்னையில் பாதிப் பேருக்கு ஊர் என்றால் தெற்குதான். ஆபத்து என்றதும் எல்லோர் காலும் ஊர்ப்பக்கம்தான் போகும். இது எனக்கு மிகவும் கவலை தருகிற விஷயம்.

மாமாவின் திட்டத்திலும் இதே கோளாறு இருக்கிறது. கோடையில் சென்னைக் கரையில் தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும்தான் காற்று வீசும். மாசி முதல் வைகாசி வரை சாயங்காலம் மொட்டைமாடியில் நம் முகத்தைக் குளிரவைக்கிற அந்தத் தென்றல், கல்பாக்கம் பக்கமிருந்து நம்மிடம் வருகிற காற்று. அந்தக் காலத்தில் ஏதாவது நடந்து, மாமா திருப்போரூர் வழியாக இங்கே வந்தால், கதிரியக்க மேகத்துக்குக் கீழேயே பயணம் செய்து மேகம் வருகிற ஊருக்கு வந்து சேருவார். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போது நிலைமை தலைகீழ். அப்போது சென்னைக்குப் பெரும்பாலும் தொந்தரவு இல்லை, மதுராந்தகம் பக்கம்தான் கவனிக்க வேண்டும். கடலுக்குப் போகிறவர்கள் காலையில் எழுந்ததும் காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள். நாமும் அந்த ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பினால் என்ன ஆகும் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். 2012 ஏப்ரல் 11 அன்று மத்தியானம், சுமத்ரா பக்கம் நிலநடுக்கம் வந்து, சென்னையிலும் கட்டிடங்கள் ஆடி, சுனாமி எச்சரிக்கை வந்தது. துரைப்பாக்கத்தில் இருந்தேன். எல்லாக் கட்டிடத்திலிருந்தும் ஆட்கள் ஒரே சமயத்தில் சாலைக்கு வந்துவிட்டார்கள். போன் போகவில்லை. டைடல் பார்க் வந்து சேர எனக்கு மூன்று மணி நேரம் ஆனது. அன்று சுனாமி வரவில்லை, நல்லவேளை. காற்று மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் வீசினால், கல்பாக்கத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு இரண்டரை மணி நேரம்தான். அன்று நான் காரில் நின்ற நேரத்தைவிடக் குறைவு.

அமெரிக்காவில் 1979 மார்ச்சில் மூன்று மைல் தீவு நிலையத்தில் விபத்து நடந்தபோது, சுற்றி 8 கி.மீ. தூரத்துக்குள் இருக்கிற கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் மட்டும் வெளியேறினால் நல்லது என்று ஆளுநர் சொன்னார். சில ஆயிரம் பேருக்குச் சொன்ன அந்த வார்த்தையைக் கேட்டு ஏறக்குறைய 1,40,000 பேர் கிளம்பினார்கள். சுற்றுவட்டார மக்களுக்குக் கிடைத்த சராசரிக் கதிர்வீச்சு, பின்னால் கணக்குப் பார்த்தால், ஒரு மார்பு எக்ஸ்ரே அளவுதான். ஆனால் யோசனை என்ற அளவில் அந்த ஆளுநர் சொன்னதில் நியாயம் உண்டு. எல்லோரும் போக வேண்டாம், அதிகம் பாதிக்கப்படக்கூடியவர்கள் முதலில் போகட்டும் என்பது நல்ல வழி. வீட்டில் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால், எச்சரிக்கை நிலையிலேயே, கசிவு தொடங்கும் முன்பே, அவர்களை மட்டும் மேற்கே ஒரு உறவினர் வீட்டுக்கு அனுப்புவது என் பார்வையில் சரியான முடிவு.

உள்ளேயே இருப்பது

மேகம் கடந்து போகிற அந்தச் சில மணி நேரம், சுவர்தான் பாதுகாப்பு. மரவீட்டுக்குள் இருந்தால் பெரிய வித்தியாசம் இல்லை. செங்கல் வீட்டுக்குள் இருந்தால் வெளியே நிற்பவருக்குக் கிடைப்பதில் நாற்பது சதவீதம் வரை குறையும். பெரிய கான்கிரீட் கட்டிடத்தின் உள்பக்கத்தில் ஐந்தில் ஒரு பங்காகவே குறைந்துவிடும். ஜப்பானில் பெரும்பாலும் மரவீடுகள். சோழிங்கநல்லூர், பெரும்பாக்கம், நாவலூர் பக்கம் அடுக்குமாடிகள் எல்லாம் கான்கிரீட். இந்த ஒரு விஷயத்தில் நாம் அவர்களைவிட நல்ல நிலையில் இருக்கிறோம்.

சொல்வது சுலபம், செய்து பார்ப்போம் என்று மே மாதம் ஒரு சனிக்கிழமை படுக்கையறையை மூடிப் பார்த்தேன். பழைய மெத்தை வந்த பாலிதீன் உறை, இரண்டு சுருள் பழுப்பு டேப். ஜன்னல் சுலபமாக முடிந்தது. குளியலறையில் மேலே இருக்கிற கண்ணாடிப் பட்டை வென்டிலேட்டர்தான் படுத்திவிட்டது. ஐந்து பட்டை, ஒன்று உடைந்தது, நாற்காலி போட்டு ஏறியும் மூலைக்குக் கை எட்டவில்லை. சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம். இத்தனை வருடத்து எண்ணெய்ப் பிசுக்கில் டேப் ஒட்டவே இல்லை, சுவரைச் சோப்புப் போட்டுத் துடைத்து, காயவைத்து, மறுபடி ஒட்டினேன். மொத்தம் ஐம்பது நிமிடம். அப்புறம் ஃபேனை மட்டும் போட்டு நானும் மகளும் உள்ளே உட்கார்ந்தோம். அரைமணி நேரத்தில் அவள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. "அம்மா, ஜன்னலத் திறக்கலாமா?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டாள். ஸ்பிளிட் ஏ.சி. உள்காற்றையே சுற்றவிடுகிறது, அதனால் அதைப் போடலாம். ஜன்னல் ஏ.சி.யில் வெளிக்காற்றுத் திறப்பு இருந்தால் மூட வேண்டும். மின்சாரம் போனால் எங்கள் கட்டிடத்து ஜெனரேட்டர் லிஃப்டுக்கும் விளக்குக்கும்தான். அம்மாவின் மிஷினுக்கும் தனி ஏற்பாடு வேண்டும் என்று அன்றுதான் உறைத்தது.

மேகம் கடந்துவிட்டது என்று அறிவிப்பு வந்ததும் ஜன்னல்களைத் திறந்துவிட வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே புகுந்த கொஞ்சமும் உள்ளேயே சுற்றும். அறையை நாள்கணக்கில் காற்றுப் புகாமல் மூடிவைப்பது வேறு ஆபத்து. சர்வதேச வழிகாட்டுதல்களும் உள்ளே அடைந்திருப்பது இரண்டு நாளைக்கு மேல் போகக் கூடாது என்றுதான் சொல்கின்றன. வெளியிலிருந்து வந்தவர் மேல் துணியை வாசலிலேயே கழற்றிக் கட்டிப் போட்டால், ஒட்டியிருப்பதில் பெரும்பகுதி அதோடு போய்விடும். தலைக்குச் சோப்புப் போட்டுக் குளித்தால் போதும்.

இந்த வழியின் பலவீனத்தையும் ஃபுகுஷிமாதான் காட்டியது. 20 முதல் 30 கி.மீ. வரை இருந்தவர்களை மார்ச் 15 அன்று உள்ளேயே இருக்கச் சொன்னார்கள். பத்து நாள் வரை அதே நிலைமை. லாரிக்காரர்கள் உள்ளே வர மறுத்தார்கள். கடையில் சாமான் இல்லை, பெட்ரோல் இல்லை, மருந்து இல்லை. மினாமிசோமா மேயர் கட்சுனோபு சகுராய் கேமரா முன் உட்கார்ந்து, எங்களுக்கு உதவுங்கள் என்று உலகத்திடம் கேட்டு யூடியூபில் போட வேண்டிய நிலை வந்தது. உள்ளே இருங்கள் என்று சொல்கிற அரசாங்கம் உணவையும் மருந்தையும் வாசலுக்குக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அது நடக்காத இடத்தில் இந்த முடிவு இரண்டு நாளுக்கு மேல் தாங்காது.

இன்னும் முக்கியமானது, எல்லோருக்கும் கான்கிரீட் சுவர் இல்லை. கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை கடலோரக் குப்பங்களில் எத்தனையோ வீட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சில வீட்டுக்கு ஓலை. கூரைக்கும் சுவருக்கும் நடுவே கை நுழைகிற இடைவெளி. அவர்களிடம் உள்ளே இருங்கள் என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. பள்ளிக்கூடம், புயல் பாதுகாப்பு மையம் என்று பக்கத்தில் இருக்கிற கான்கிரீட் கட்டிடத்தைத் திறந்துவிட வேண்டும், இல்லையென்றால் எல்லோருக்கும் முன்னால் அவர்களுக்குப் பேருந்து அனுப்ப வேண்டும்.

அயோடின் மாத்திரை

இதைத் தனி வழியாக நிறையப் பேர் நினைக்கிறார்கள். தனி வழி இல்லை, மற்ற இரண்டுக்கும் துணை. தைராய்டு சுரப்பியை நல்ல அயோடினால் நிரப்பிவிட்டால், கதிரியக்க அயோடின் அங்கே போய் உட்கார இடம் இருக்காது. அவ்வளவுதான் அதன் வேலை. சீசியத்துக்கு அது எதுவும் செய்யாது. நேரமும் முக்கியம். மேகம் வருவதற்கு முந்தின 24 மணி நேரத்துக்குள், அல்லது வந்த இரண்டு மணி நேரத்துக்குள் போட வேண்டும். எட்டு மணி நேரம் வரை ஓரளவு பயன் உண்டு. ஒருநாள் தாண்டிப் போட்டால் நன்மையைவிடக் கெடுதல் அதிகம். பெரியவர்களுக்கு 130 மில்லிகிராம் பொட்டாசியம் அயோடைடு (அதில் அயோடின் மட்டும் சுமார் 100), என் மகள் போல ஏழு வயதுக்கு 65. நாற்பதைத் தாண்டியவர்களுக்குப் பலன் குறைவு. அறிவிப்பு வராமல் யாரும் தாமாகப் போடக் கூடாது.

1986-ல் போலந்து ஒரு கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குச் சில நாளிலேயே அயோடின் கொடுத்து முடித்தது. பக்கத்தில் பெலாரஸ், உக்ரைனில் அது சரியாக நடக்கவில்லை. அதைவிடக் கெடுதலாக, குழந்தைகள் வழக்கம் போலப் பால் குடித்தார்கள். புல்லில் படிந்த அயோடினை மாடு மேய்ந்தது, பாலில் வந்தது, குழந்தையின் கழுத்துச் சுரப்பியில் சேர்ந்தது. பின்னால் ஆயிரக்கணக்கில் வந்த தைராய்டு புற்றுநோய்க்கு முக்கியக் காரணம் அந்தப் பால். நல்ல சிகிச்சையால் பெரும்பாலோர் பிழைத்தார்கள், ஆனால் கழுத்தில் தழும்போடு, வாழ்நாள் முழுக்க மாத்திரையோடு. 1957-ல் இங்கிலாந்தில் விண்ட்ஸ்கேல் உலை தீப்பிடித்தபோது சுமார் 500 சதுர கி.மீ. பரப்பில் பாலைத் தடைசெய்து கீழே ஊற்றினார்கள். முப்பது வருடத்துக்கு முன்பே தெரிந்த பாடம் செர்னோபில் குழந்தைகளுக்குப் பயன்படவில்லை என்று நினைக்கும்போது வயிறு எரிகிறது.

உப்பு பற்றியும் ஒரு வார்த்தை. 2011-ல் ஃபுகுஷிமா பயத்தில் சீனாவில் அயோடின் உப்புக்கு அடிதடி நடந்தது. நம் ஊர் உப்புப் பாக்கெட்டில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின். பெரியவர்கள் மாத்திரையில் இருக்கிற அயோடின் கிடைக்க ஆறரை கிலோவுக்கு மேல் உப்புத் தின்ன வேண்டும். காயத்துக்குப் போடுகிற அயோடின் மருந்தை வாய்க்குள் ஊற்றுவது விஷம். வாட்ஸ்அப்பில் எது வந்தாலும் இந்த இரண்டையும் செய்யாதீர்கள்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் எடுத்த முடிவு

அக்கா வீட்டுக்கு: கிளம்புவதுதான். மாவட்ட ஆட்சியர் அறிவிப்பு வந்ததும், இங்கே வராமல், மேற்கே. திருக்கழுக்குன்றத்திலிருந்து செங்கல்பட்டு, அங்கிருந்து வாலாஜாபாத், காஞ்சிபுரம். காஞ்சிபுரம் உலையிலிருந்து நேர்கோட்டில் சுமார் 60 கி.மீ., சென்னைக் காற்றுக்கும் குறுக்கே இருக்கிறது. அங்கே மாமாவின் தம்பி இருக்கிறார், அவரிடம் பேசியாயிற்று. மாமாவுக்கு முதலில் ஒப்பவில்லை. "சொந்தத் தங்கச்சி வீடு இருக்க, தம்பி வீட்டுக்குப் போனா அவ கோச்சுக்க மாட்டாளா?" என்று என்னைப் பற்றி அக்காவிடம் கேட்டார். கோபித்துக்கொள்ள மாட்டேன் மாமா, வந்தால்தான் கோபம் என்று சொன்னேன். மாட்டை அவிழ்த்துவிட்டுப் போவதா, தீவனத்தை மூடி வைத்துக் கொட்டகையிலேயே கட்டுவதா என்பதில் மட்டும் அக்கா இன்னும் முடிவு சொல்லவில்லை. தார்ப்பாய் போட்டு வைக்கோலை மூடிவைத்தால் மேய்ச்சலுக்கு விடாமல் சில நாள் சமாளிக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு: முதல் இரண்டு நாள் உள்ளேயே. அதற்குத் தகுந்த சாமான் வைத்திருக்கிறோம். அரிசி, பருப்பு எப்போதும் இருக்கும். பால் பவுடர் இரண்டு டப்பா புதிதாக, அயோடின் எட்டு நாளில் பாதியாகிற பொருள் என்பதால் மகளுக்கு ஒரு மாதம் பாக்கெட் பாலைத் தவிர்க்க முடிந்தாலே பெரிய விஷயம். கீரையும் அந்த மாதம் கிடையாது. தண்ணீருக்குத்தான் அதிகம் யோசித்தேன். தென்சென்னைக்கு வருகிற குடிநீரில் ஒரு பகுதி நெம்மேலியில் கடல்நீரைச் சுத்திகரித்து வருவது. அந்த ஆலை கல்பாக்கத்துக்கும் நமக்கும் நடுவே, அதே கடற்கரையில். முதலில் அதைத்தான் நிறுத்துவார்கள். ஆகவே இருபது லிட்டர் கேன் நான்கு, எப்போதும் நிரம்பியபடி. மேல்தொட்டி மூடி உடைந்து கிடந்ததையும் மாற்றச் சொல்லி, மாற்றிவிட்டார்கள்.

அறிவிப்பு வந்து கிளம்ப வேண்டுமானால், வண்டலூரைத் தொட்டு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், திருவள்ளூர். காற்று மேற்கே அடிக்கிற நாள் என்றால் வடக்கே செங்குன்றம் பக்கம். திருச்சி கிடையாது. என் கணவர் வரைபடத்தை ஒரு தடவை பார்த்தார், அப்புறம் எதுவும் சொல்லவில்லை. அம்மாவுக்குச் சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றும், மிஷினுக்குத் தனி இன்வெர்ட்டரும் வாங்கியிருக்கிறோம். அவருடைய மருந்துச் சீட்டின் நகல் காரிலேயே இருக்கிறது. மாநில அவசர எண் 1070, மாவட்டத்துக்கு 1077, இரண்டையும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் எழுதி ஒட்டியாயிற்று.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கீழ வாட்ச்மேன் குடும்பம் எங்க போகும்?" என்றார். கேட் பக்கத்தில் தகர ஷெட்டில் வாட்ச்மேன் அண்ணனும் அவர் மனைவியும் நான்கு வயதுப் பையனும் இருக்கிறார்கள். எனக்கு அவர்கள் நினைவு வரவே இல்லை. வீட்டு உரிமையாளர் சங்கத்தில் கேட்டேன். தரைத்தளத்துக் கூட்ட அறைக்கு வெளிப்பக்கம் ஜன்னல் ஒன்றுதான், நடுவில் இருக்கிற அறை. அதன் சாவி ஒன்றை அண்ணனிடம் கொடுத்து வைக்க ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். ஜன்னலுக்கு அளவெடுத்து வெட்டிய பாலிதீனும் ஒரு சுருள் டேப்பும் போன வாரம் அந்த அறை அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன்.